கைபேசியில் வந்த அறிக்கையை எப்படி நம்புவது?

திருப்புட்குழியிலிருந்து எங்கள் சிறுநீரகவியல் பிரிவுக்கு மாதந்தோறும் வரும் நெசவாளர் ஒருவரைப் பற்றி எழுத, அவரிடமும் அவருடைய மகனிடமும் அனுமதி பெற்றுள்ளோம். அவர்கள் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். பரிசோதனை எண்களை மட்டும் மாற்றவில்லை. மாற்றப்பட்ட ஓர் எண்ணைப் பற்றிய கட்டுரையில் நாங்களும் எண்ணை மாற்றுவது முறையாகாது.

பெரியவருக்கு வயது 60-ஐக் கடந்துவிட்டது. இளமை முதல் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்பவர். நீண்ட நாளாக நீரிழிவு உண்டு. வழக்கமான இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, ஆய்வகம் முடிவை மகனின் கைபேசிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது. கிரியாட்டினின் 3.1 என்றிருந்தது. தசைகளில் உண்டாகிச் சிறுநீரகங்கள் வழியே வெளியேற வேண்டிய கழிவுப்பொருள் கிரியாட்டினின். சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் தேங்கும். 3.1 என்றால், அந்த வயதில் சிறுநீரகங்கள் ஏறத்தாழக் கால் பங்கு அளவிலேயே வேலை செய்கின்றன என்று பொருள்.

வீட்டில் மகளின் திருமணம் நெருங்கிக்கொண்டிருந்தது. முகூர்த்தப் புடவையைத் தகப்பனாரே நெய்துகொண்டிருந்தார். மகன் அந்த எண்ணைப் பார்த்தார், தறியைப் பார்த்தார். கைபேசியில் இருந்த ஒரு செயலியைக் கொண்டு 3.1 என்பதை 1.3 ஆக்கினார். அச்செடுத்துத் தந்தையிடம் கொடுத்தார். திருமணம் முடிந்ததும் உண்மையைச் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே அவருடைய எண்ணம். தந்தையின் மீதுள்ள அன்பினால் செய்தார் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

அடுத்த வாரம் பெரியவருக்கு இடுப்புவலி. தறிக்குழியில் நெடுநேரம் அமர்வோருக்கு அது புதிதன்று. மகன் பணிக்குச் சென்றிருந்த வேளையில், அச்செடுத்த அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் சென்றார். அம்மருத்துவர் செய்ய வேண்டியதையே செய்தார். வலிநிவாரணி எழுதும் முன் சிறுநீரகச் செயல்பாட்டைப் பற்றிக் கேட்டார், அறிக்கையை வாங்கிப் பார்த்தார், 1.3 என்றிருக்கக் கண்டு சில நாட்களுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார். 3.1 என்று கண்டிருந்தால் அந்த மாத்திரையைத் தொட்டிருக்கமாட்டார். மாத்திரை இதமாக இருந்ததால் பெரியவர் கடையில் வாங்கி மேலும் சில நாட்கள் உட்கொண்டார். கால்கள் வீங்கி, மூச்சுத்திணறி எங்களிடம் வந்தபோது கிரியாட்டினின் 7.8. ஐந்து முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது.

பழைய அறிக்கையில் 1.3 இருந்ததால், இரண்டே வாரத்தில் நல்ல சிறுநீரகம் இப்படிக் கெட என்ன காரணம் என்று நாங்களும் தவறான திசையில் தேடிக்கொண்டிருந்தோம். ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்து அவர்களுடைய பதிவைக் கேட்ட பிறகே உண்மை வெளிப்பட்டது. மகன் எங்கள் அறைக்கு வந்து அழுதார்.

இந்த நிகழ்வுக்குப் பின் எங்கள் பிரிவில் பலமுறை பேசிய பொருள்தான் இவ்விதழில் இடம்பெறுகிறது. இன்று மருத்துவ அறிக்கை, வருமானச் சான்றிதழ், மருந்துச்சீட்டு, காப்பீட்டு ஒப்புதல் என யாவும் இணையவழியே வருகின்றன. வந்தது வந்தபடியே இருக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? இக்கேள்விக்கு விடையாகப் பிளாக்செயின் என்ற சொல் செய்தித்தாள்களில் அடிக்கடி தென்படுகிறது. தமிழில் சிலர் தொடரேடு என்பர். பிட்காயினுக்கு அடிப்படையான தொழில்நுட்பம் என்பதால் இரண்டும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பிட்காயின் அந்தத் தொழில்நுட்பத்தின் ஒரு பயன்பாடு மட்டுமே. இதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்: மருத்துவமனையின் பெயரையோ பிளாக்செயினின் பெயரையோ சொல்லி உங்களிடம் எவரேனும் முதலீடு கேட்டால், அது மோசடி என்றே கொள்ளுங்கள்.

ஊடையும் செப்பேடும்

டயாலிசிஸ் ஒரு முறைக்கு நான்கு மணி நேரம் ஆகும். பேசுவதற்கு நேரம் இருந்தது. எழுதியதை எவரும் பிறகு மாற்ற முடியாத கணக்கு ஒன்று உண்டு என்று நாங்கள் சொன்னபோது பெரியவர் நம்பவில்லை.

"எழுதின கையால் அழிக்க முடியாதா, டாக்டர்?"

நாங்கள் விளக்கியது இதுதான். எந்தக் கணினிக் கோப்பையும் ஒரு கணக்கீட்டுக்கு உட்படுத்தி, அதற்கே உரிய ஒரு குறியீட்டைப் பெறலாம். அதை ஹாஷ் என்பர். விரல்ரேகை எனக் கொள்ளலாம். பரவலாக வழங்கும் முறையில் அது எழுத்தும் எண்ணும் கலந்த 64 குறிகளாக இருக்கும். கோப்பு ஒரு பக்கமாயினும் ஆயிரம் பக்கமாயினும் 64 குறிகளே. கோப்பில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றினால் ரேகை முழுவதும் வேறாகிவிடும். 3.1-ஐ 1.3 ஆக்கிய அறிக்கையின் ரேகைக்கும் மூல அறிக்கையின் ரேகைக்கும் உறவே இராது. ரேகையைக் கொண்டு அறிக்கையை மீண்டும் உருவாக்கவும் இயலாது. ஆகவே ரேகையை வெளியில் வைப்பதால் நோயாளரின் மருத்துவச் செய்தி வெளியாவதில்லை.

ஒரு நாளில் வழங்கிய அறிக்கைகளின் ரேகைகளைத் தொகுத்து ஒரு கட்டமாக்குவர். மறுநாள் கட்டத்தில் முந்தைய நாள் கட்டத்தின் ரேகையையும் சேர்த்து எழுதுவர். அதற்கடுத்த நாள் கட்டத்தில் இதன் ரேகை. இப்படியே தொடரும். நடுவில் உள்ள ஒரு கட்டத்தில் கை வைத்தால், அதற்குப் பின்வந்த எல்லாக் கட்டங்களும் பொருந்தாமல் போகும். இந்த ஏட்டின் படிகள் ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல நிறுவனங்களின் கணினிகளில் இருக்கும். ஒருவர் தம் படியை மாற்றினாலும் மற்றவர்களின் படிகள் காட்டிக்கொடுக்கும்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஊடை மாதிரி. காலையில் போட்ட ஊடையில் தப்பு இருந்தால், அதற்குப் பின் நெய்ததையெல்லாம் பிரித்துத்தான் அதை எடுக்கணும். நடுவில் ஒன்றை மட்டும் உருவினால் துணியே சொல்லிவிடும்."

இதைவிட நன்றாக நாங்கள் விளக்கியிருக்க முடியாது. அதன்பின் பிற நோயாளர்களுக்கும் இந்த உவமையையே கூறி வருகிறோம்.

நம் பகுதிக்கு இந்தச் சிந்தனை அயலானதும் அன்று. காஞ்சிபுரத்திற்கு அருகில் உள்ள கூரம் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் பல்லவர் செப்பேடுகளைப் பற்றிப் பலரும் கேட்டிருப்பீர்கள். அக்காலத்துச் செப்பேடுகளில் ஒவ்வோர் ஏட்டின் ஓரத்திலும் துளையிட்டு, எல்லா ஏடுகளையும் ஒரே வளையத்தில் கோத்து, வளையத்தின் முனைகளை அரச முத்திரையிட்டு அடைத்துவிடுவர். இடையில் ஓர் ஏட்டை நுழைக்கவோ உருவவோ வேண்டுமானால் வளையத்தை வெட்ட வேண்டும், வெட்டினால் தெரிந்துவிடும். தானத்தைக் கோயில் சுவரிலும் வெட்டிவைத்தனர், ஊரார் அனைவரும் காணுமாறு. பின்வரும் அதிகாரி ஏட்டைத் திருத்தினால் சுவர் சான்று சொல்லும்.

கணினி உலகில் இதை முதலில் முறையாகச் சிந்தித்தவர்கள் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள். கணினி ஆவணத்தின் தேதியைப் பின்னர் எவரும் மாற்ற இயலாதபடி செய்வது எப்படி என்பதைப் பற்றி 1991-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். அவ்வழியில் அமைந்த ஒரு நிறுவனம், 1995 முதல் தன் ஏட்டின் ரேகையை வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சிறு விளம்பரப் பகுதியில் அச்சிட்டு வந்தது. நாளிதழ் வீடுதோறும் சென்றுவிட்டது. இனி அந்த ரேகையை மாற்ற வேண்டுமானால் எல்லா வீடுகளிலும் உள்ள பழைய நாளிதழ்களை மாற்ற வேண்டும். எவ்வளவு எளிய உபாயம்! பிட்காயின் பற்றிய கட்டுரை சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியானது 2008-இல்தான்; அதில் இவ்விருவரின் ஆய்வுகளும் மேற்கோளாக இடம்பெற்றுள்ளன.

தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது?

தமிழ்நாடு அரசு 2020-இல் பிளாக்செயின் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதன் வழியில் தமிழ்நாடு மின்னாளுமை முகமை அமைத்துவரும் கட்டமைப்பின் பெயர் 'நம்பிக்கை இணையம்'. பெயர் சூட்டியவர் யாரென்று அறியோம், நல்ல பெயர். அதனோடு இணைந்த 'இ-பெட்டகம்' என்னும் செயலியில், இ-சேவை வழியாகப் பெறும் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளவும், கேட்கும் அலுவலகத்துக்கு அங்கிருந்தே பகிரவும் முடியும்.

சான்றிதழுக்கும் சிகிச்சைக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் கேட்கக்கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். அவசரச் சிகிச்சை தேவைப்படும் நாளில், சான்றிதழ் வீட்டில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது தெரியாமல் குடும்பத்தார் திண்டாடுவதை எங்கள் உதவி மையத்தில் ஓயாமல் காண்கிறோம். படி எடுத்த தாள் மங்கியிருக்கும். உண்மையா என்று சரிபார்க்க வழி இராது. கையிலுள்ள கைபேசியிலேயே, சரிபார்க்கத்தக்க வடிவில் அது இருந்தால் எத்துணை அலைச்சல் மிச்சமாகும் என்பது காத்திருந்து களைத்தவர்களுக்குத் தெரியும்.

ஒன்றிய அரசும் 2024 செப்டம்பரில் 'விஸ்வஸ்யா' என்னும் தேசிய பிளாக்செயின் கட்டமைப்பைத் தொடங்கியுள்ளது. அதன் ஒரு பகுதியான 'பிரமாணிக்', கைபேசிச் செயலி ஒன்று உண்மையில் யாரிடமிருந்து வருகிறது என்பதைச் சரிபார்ப்பதற்கானது. இதன் அருமை எங்களுக்கு நன்கு விளங்குகிறது. எங்களிடம் சிகிச்சை பெறும் ஒரு குடும்பத்தினர், முன்பதிவு செய்வதற்காக இணையத்தில் தேடிக் கிடைத்த ஓர் எண்ணை அழைத்தனர். எதிர்முனையில் மரியாதையாகப் பேசியவர், ஐந்து ரூபாய் கட்டணம் செலுத்த ஒரு செயலியை நிறுவுமாறு இணைப்பை அனுப்பினார். நிறுவிய அரை மணி நேரத்தில் வங்கிக் கணக்கில் இருந்த பணம் போயிற்று. மருந்துக்கென வைத்திருந்த பணம் அது. அத்தகைய நேர்வில் தாமதியாமல் 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து அழைத்தால் பணம் கைமாறும் முன் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகுதி. எங்கள் முன்பதிவு எண் உங்கள் மருத்துவச் சீட்டிலேயே அச்சிடப்பட்டுள்ளது. அதைத் தவிர வேறெதையும் தேட வேண்டாம்.

இந்தக் கட்டமைப்புகளைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் உண்டு. ஏட்டின் படிகள் பலரிடம் இருப்பதே பிளாக்செயினின் வலிமை. எல்லாப் படிகளும் ஒரே அரசுத் துறையின் கணினி நிலையங்களில் இருந்தால், சாட்சிகள் அனைவரும் ஒரே வீட்டார் என்பது போலாகிவிடும். பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், நுகர்வோர் அமைப்புகள் ஆகியவையும் ஒவ்வொரு படியை வைத்திருக்கும் நாளில்தான் பெயருக்கேற்ற நம்பிக்கை பிறக்கும்.

எல்லாவற்றிற்கும் பிளாக்செயின் தேவையுமில்லை. கோவின் தளத்திலிருந்து நாம் பெற்ற தடுப்பூசிச் சான்றிதழில் உள்ள க்யூஆர் குறியீடு, மின்கையொப்பத்தால் ஆனது. வழங்கியவர் யார் என்பதையும், வழங்கிய பின் மாறவில்லை என்பதையும் அது காட்டிவிடும். 14 இலக்க ஆபா எண் வழியாக மருத்துவப் பதிவுகளைப் பகிரும் முறையில், பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளரின் ஒப்புதல் பெற்றே பிறருக்குச் செல்லும். திருப்புட்குழிப் பெரியவரின் அறிக்கையில் இத்தகைய எளிய மின்கையொப்பமும் சரிபார்க்கும் குறியீடும் இருந்து, அடுத்த மருத்துவர் அதைக் கைபேசியில் ஒரு கணம் காட்டிப் பார்த்திருந்தாலே போதும், அந்த மாத்திரை எழுதப்பட்டிராது.

அப்படியானால் பிளாக்செயின் எங்கே தேவை? ஏட்டை வைத்திருப்பவரையே ஐயுற வேண்டிய இடத்தில். இதைச் சொல்ல எங்களுக்குத் தயக்கம் இருந்தது; ஆயினும் சொல்லத்தான் வேண்டும். மின்கையொப்பம் இடுபவர் மருத்துவமனை என்றால், சிகிச்சையில் பிழை நேர்ந்தபின் பதிவைத் திருத்தி மீண்டும் கையொப்பமிடவும் அம்மருத்துவமனையால் இயலும். சிகிச்சைப் பதிவேடு பின்னர் மாற்றப்பட்டது என்னும் புகார் நுகர்வோர் ஆணையங்களில் எழுவது புதிதன்று. அன்றன்று எழுதியதன் ரேகை அன்றே வெளியாரிடம் சென்றுவிட்டால், நோயாளருக்கு எங்களிடமிருந்தே ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. நேர்மையாக எழுதும் மருத்துவருக்கும் அதுவே காப்பு. இது வரும் வரையில், நடைமுறையில் உள்ள உரிமை ஒன்றை மறவாதீர்கள்: 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நன்னடத்தை விதிகளின்படி, நோயாளரோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எஸ்தோனியா என்னும் சிறு ஐரோப்பிய நாடு இதில் முன்னே சென்றுள்ளது. 2007-இல் அந்நாட்டு அரசு, வங்கி, செய்தி நிறுவனங்களின் கணினிகள் பெரும் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. பதிவுகளை உள்ளிருப்போரும் மாற்ற இயலாதபடி காக்க வேண்டும் என்பதில் அந்நாடு தீவிரம் கொண்டது. 2016-இல் நோயாளர் பதிவுகளுக்கும் ரேகைச் சங்கிலி முறையைக் கொண்டுவருவதாக அறிவித்தது. அதைப் பிளாக்செயின் என அழைப்பது பொருந்துமா என்று வல்லுநர்கள் வாதிடுகின்றனர். படுக்கையில் இருப்பவருக்கு அந்த வாதம் வேண்டியதில்லை. அங்கு ஒரு குடிமகன் தன் மருத்துவப் பதிவை எந்த மருத்துவர் எப்போது திறந்து பார்த்தார் என்பதையும் காணலாம். இங்கு அப்படி வந்தால் எங்களில் சிலருக்குச் சற்று உறுத்தலாக இருக்கும். வரட்டும்.

எங்கள் துறையில் இன்னோர் ஏடு உண்டு. மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து சிறுநீரகம் பெறக் காத்திருப்போரின் பட்டியல் அது. தமிழ்நாட்டில் உறுப்பு மாற்று ஆணையம் அதைப் பேணுகிறது. பதிவு செய்த நாள், வரிசையை முடிவு செய்யும் முதன்மையான கூறுகளுள் ஒன்று. ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸில் காத்திருப்போர் எங்களிடம் மெல்லிய குரலில் கேட்பார்கள்: "நமக்குப் பின்னால் வந்தவருக்கு முன்னால் கிடைத்துவிடாதே?" இரத்த வகை, பொருத்தம், உடல்நிலை ஆகியவற்றால் வரிசை மாறுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு என்று விளக்குவோம். நாங்கள் சொல்வதை அவர்கள் நம்புகின்றனர். நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை என்பதும் எங்களுக்குத் தெரிகிறது. தேதி ஒன்று, அதை மாற்றவில்லை என்ற உறுதி ஒன்று: இவ்விரண்டும் வேண்டிய இடத்தில் இத்தொழில்நுட்பம் உண்மையாகவே பயன்படும்.

சரிகை?

ஐந்தாவது டயாலிசிஸின்போது பெரியவர் தாமாகவே பழைய பேச்சை எடுத்தார். "நெசவு நெருக்கமாகத்தான் இருக்கும், டாக்டர். சரிகை?"

புரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். காஞ்சிபுரப் பட்டின் அசல் சரிகை, சிவந்த பட்டிழையைச் சுற்றி வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதன் மேல் பொன்முலாம் பூசியது. உரசினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். போலிச் சரிகையை எவ்வளவு நேர்த்தியாக நெய்தாலும் அது போலிதான். மத்தியப் பட்டு வாரியத்தின் சார்பில் 2004 முதல் வழங்கப்படும் சில்க் மார்க் முத்திரைகூட, துணி தூய பட்டு என்பதற்கே உறுதி கூறும், சரிகைக்கு அன்று. சரிகையைத் தனியே சோதிக்க வேண்டும்.

பிளாக்செயினும் அவ்வாறே. எழுதியது மாறவில்லை என்பதை அது கூறும். எழுதியது மெய்யா என்பதைக் கூறாது. ஆய்வகத்தில் இருவரின் இரத்தக் குழாய்கள் இடம் மாறிவிட்டால், தவறான எண் அழியாத எண்ணாகச் சங்கிலியில் ஏறி அமர்ந்துவிடும். குருதி எடுக்கும்போது உங்கள் பெயரையும் வயதையும் ஊழியர் கேட்பதை வெற்றுச் சடங்காக எண்ணாதீர்கள். குழாயில் ஒட்டும் சீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சரிகையை உரசிப் பார்க்கும் இடம் அதுதான்.

மருந்துப் பெட்டியிலும் இதே சிக்கல் உண்டு. 2023 ஆகஸ்ட் 1 முதல், பெரிதும் விற்பனையாகும் 300 மருந்து வகைகளின் பெட்டிகளில் க்யூஆர் குறியீடோ பட்டைக் குறியீடோ கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கைபேசியில் காட்டினால் தயாரித்த நிறுவனம், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை தெரியும். பெட்டியில் அச்சிட்ட தொகுதி எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அசல் பெட்டியின் குறியீட்டை அப்படியே படியெடுத்துப் போலிப் பெட்டிகளில் ஒட்டவும் முடியும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் கொடுத்து, அது ஒருமுறை விற்றாயிற்று என்பதைப் பொது ஏட்டில் பதிந்தால் மட்டுமே அந்த வழி அடைபடும். அதுவரை, உரிமம் பெற்ற கடையில் ரசீதுடன் வாங்குவதே காப்பு.

பிளாக்செயின் இரகசியத்தைக் காப்பதும் இல்லை. 2022 நவம்பரில் புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலால் முடங்கி, நாட்கணக்கில் எல்லாவற்றையும் தாளில் எழுதிச் சமாளிக்க நேர்ந்தது. ரேகைச் சங்கிலி அதைத் தடுத்திராது. மேலும், 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையை மக்களுக்கு அளிக்கிறது. அழிக்கவே முடியாத ஏட்டில் ஒருவரின் நோயை எழுதிவிட்டுப் பின் இந்த உரிமையை எப்படி வழங்குவது? ஆகவே சங்கிலியில் ரேகை மட்டுமே இருக்கலாம். அறிக்கை ஒருபோதும் கூடாது. "உங்கள் மருத்துவப் பதிவுகள் முழுவதையும் பிளாக்செயினில் ஏற்றித் தருகிறோம்" என்று எவரேனும் விளம்பரம் செய்தால் விலகி நில்லுங்கள்.

எங்களிடம் வருவோருக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வகம் அனுப்பும் பிடிஎஃப் கோப்பை அப்படியே வைத்திருங்கள். திரையைப் படம் பிடித்தோ, தாளைப் புகைப்படம் எடுத்தோ அனுப்பினால் அதிலுள்ள மின்கையொப்பம் போய்விடும். பின்னர் எந்தத் தொழில்நுட்பத்தாலும் அதைச் சரிபார்க்க முடியாது. ஆய்வகத்தில் கொடுக்கும் கைபேசி எண் நோயாளருடையதாகவே இருக்கட்டும். கைபேசியைக் கையாளத் தெரியாத முதியவராயின், அவரும் வீட்டாரும் உடனிருக்க முடிவைக் கேட்டுப் பெறுங்கள். தாங்கமாட்டார் என்று எண்ணி நோயாளரிடம் மறைக்க நினைக்கும் செய்தி ஏதேனும் இருந்தால், முதலில் எங்களிடம் வாருங்கள். எப்போது, எவ்வளவு, எந்தச் சொற்களால் சொல்வது என்பதைச் சேர்ந்து முடிவு செய்வோம். கடினமான செய்தியைச் சொல்வது எங்கள் தொழிலின் பகுதி. அறிக்கையைத் திருத்தினால், நோயாளரிடமிருந்து மட்டுமன்றி, அடுத்து அவருக்கு மருந்து எழுதப்போகும் மருத்துவரிடமிருந்தும் அது மறைந்துவிடுகிறது.

திருப்புட்குழி என்னும் பெயர், இராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்ற தலவரலாற்றை ஒட்டியது. உயிர் போகும் நிலையிலும், சீதையைக் கொண்டு சென்றவன் யாரென்று தான் கண்டதைக் கண்டவாறே சொன்ன பறவை அது. பெரியவரின் மகன் எங்கள் அறையில் இதை நினைவுகூர்ந்தார், நாங்கள் சொல்லவில்லை. "கோயிலுக்குப் பக்கத்திலேயே வீடு, டாக்டர்" என்றார்.

திருமணம் குறித்த நாளில் நடந்தது. புடவையின் கடைசி முந்தானையைப் பெரியவரின் தம்பி நெய்து முடித்தார். டயாலிசிஸ் இப்போது தேவைப்படவில்லை. ஆயினும் சிறுநீரகங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உப்பும் புரதமும் அளவோடு, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, வலிநிவாரணி அறவே இல்லை. மாதம் ஒருமுறை வருகிறார். அறிக்கை அவருடைய சொந்தக் கைபேசிக்கே வருகிறது. கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாததால் கைபேசியை மகனிடம் நீட்டுகிறார். சென்ற மாதம் எங்கள் முன்னிலையில் மகன் அதைத் திறந்து, ஒரு கணம் நிறுத்தி, பிறகு உரக்கப் படித்தார்: "மூன்று புள்ளி நான்கு, அப்பா."